ஆவாரம் பட்டையும் சைக்கிள் சீட்டும்

புதுச்சேரி நகரின் வடக்கு விளிம்பில் கடலை ஒட்டியிருக்கும் மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வடக்கு நோக்கிப் புறப்படுபவர், கோட்டக்குப்பத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்ததும், காலாப்பட்டு, மரக்காணத்து உப்பளங்கள், மாமல்லபுரம் எனச் சென்னை வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளும் சமதளப் பாதையைப் பெறுகிறார். மேடு குறைவாக இருப்பதால் இந்தப் பாதை எளியது என்று தோன்றினாலும், நெடும்பயணத்துக்கே உரிய வலி இத்தகைய சமதளத்தில்தான் விரைவாகத் தலைகாட்டுகிறது. மலைப்பாதையில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பவருக்கு அவ்வப்போது கிடைக்கும் ஓய்வு, ஒரே நிலையில் அமர்ந்தபடி மணிக்கணக்கில் மிதிப்பவருக்குக் கிடைப்பதில்லை. கால்கள் சோர்வதற்கு வெகு முன்பே உட்காரும் இடம் நோகத் தொடங்குகிறது.

இந்த வலிக்கு மருந்தாகப் பலரும் நாடுவது மெத்தென்ற சீட்டையே. கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது பஞ்சுபோல் அமிழும் சீட் சுகமாகத் தோன்றுவது இயல்புதான் என்றாலும், அரைமணி நேரப் பயணத்துக்கு உதவும் அந்த மென்மை ஆறுமணி நேரப் பயணத்தில் பகையாகிவிடுகிறது. மனித உடல் அமரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் திரண்டு நிற்கும் இரண்டு எலும்பு முடிச்சுகள். இவற்றை அமர்வெலும்புகள் என்று அழைக்கலாம். ஸ்பாஞ்சு நிறைந்த சீட்டில் இவ்விரண்டும் உள்ளே அமிழ்ந்துவிட, நடுவிலுள்ள ஸ்பாஞ்சு மேலெழும்பி, நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்லும் மென்தசைப் பகுதியை அழுத்துகிறது. தொடையிடுக்கு மரத்துப்போவதாக நெடும்பயணிகள் கூறுவதற்கு இந்த அழுத்தம் முதன்மையான காரணங்களுள் ஒன்று.

தோல் சீட்டின் தத்துவம் இதற்கு நேர்மாறானது. அதில் பஞ்சோ ஸ்பாஞ்சோ இல்லை; பின்புறத்து இரும்புத் தகட்டுக்கும் முன்முனைக்கும் இடையில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைத் தோல், கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல, இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அமர்பவரின் எடையால் அமர்வெலும்புகள் பதியும் இரு இடங்களில் தோல் மெல்ல மெல்லக் குழிந்து, மற்ற இடங்களில் இறுக்கம் குலையாமல் நிற்பதால், சில நூறு கிலோமீட்டருக்குப் பின் அந்த சீட் ஒரே ஒருவரின் உடலுக்கென வார்த்ததாக மாறிவிடுகிறது. வியர்வையை ஓரளவு உறிஞ்சி வெளியேற்றும் இயல்பும் தோலுக்கு உண்டு. கடற்கரைப் புழுக்கத்தில் இது சிறிய உதவியன்று.

எல்லாத் தோலும் இதற்கு உதவாது என்பதில்தான் தமிழ்நிலத்தின் பழந்தொழில் ஒன்று இந்தக் கதைக்குள் வருகிறது. இன்று உலகில் பெரும்பாலான தோல் குரோமிய உப்புகளைக் கொண்டு குறுகிய காலத்தில் பதனிடப்படுகிறது. அது மென்மையானது, நீரைத் தாங்குவது, ஆனால் இழுத்தால் நெகிழ்வது, வடிவம் கொடுத்தால் அதை நிலைநிறுத்தாதது. மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்தில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோலோ நனைத்தால் குழைந்து, அச்சில் அழுத்தி உலர்த்தினால் அந்த வடிவத்திலேயே இறுகி நிற்கிறது. சீட் செய்வதற்கு வேண்டிய குணம் இதுவே. ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, பிற்காலத்தில் வாட்டில் பட்டை ஆகியவற்றில் பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, புங்க எண்ணெய் தடவி முடிக்கும் முறை திருச்சி, திண்டுக்கல், ஈரோடு முதலிய ஊர்களில் நெடுங்காலம் செழித்திருந்தது. சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறிய இந்தத் தோல் உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்றே பெயர் பெற்று, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. புதுச்சேரியிலேயே 1978இல் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம், தாவரப் பதனீட்டுத் தோலில் பைகள் செய்து வெளிநாடுகளிலும் பெயர் பெற்றது. ஈஸ்ட் இந்தியா தோலில் பெரும்பகுதி ஆட்டுத் தோலும் கன்றுத் தோலுமாக மெலிந்தது என்பதால் அதை அப்படியே சீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. மாட்டின் அல்லது எருமையின் முதுகுப் பகுதியிலிருந்து எடுத்த தடித்தோலே வேண்டும். ஆயினும் பதனிடும் அறிவும் கைத்திறனும் அண்டையிலேயே இருக்க, நெடும்பயண சீட் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் அனைத்தும் கடல்கடந்தவையாக இருப்பது வருத்தத்துக்குரியது.

அப்பெயர்களில் மூத்தது புரூக்ஸ். குதிரைச் சேணமும் வாரும் செய்துவந்த ஜான் போல்ட்பீ புரூக்ஸ், 1866இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கிய தொழில், 1882இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்று அத்துறைக்குத் திரும்பியது. அதன் பி17 என்ற வகை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை அடிப்படை வடிவம் மாறாமல் விற்பனையில் இருக்கிறது. பிரான்சின் நெடும்பயணிகள் இதியால் என்ற பெயருள்ள தோல் சீட்டுகளைப் போற்றினர். தமிழ்நாட்டிலும் அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் போன்ற கனத்த சைக்கிள்களில், அடியில் சுருள் ஸ்பிரிங் பொருத்திய அகன்ற தோல் சீட் ஒரு காலத்தில் பழகிய காட்சியாக இருந்தது.

அந்தப் பழைய சீட் ஏன் அவ்வளவு அகலமாக இருந்தது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவரின் எடை முழுவதும் அமர்வெலும்புகளின் பின்பகுதியில் விழுவதால், அவருக்கு 20 சென்டிமீட்டரை ஒட்டிய அகலமும் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்கும் பொருந்தும். கைப்பிடியை நோக்கிக் குனிந்து ஓட்டுபவருக்கு எடையின் ஒரு பகுதி கைகளுக்கும் கால்களுக்கும் பகிர்ந்துவிடுவதோடு, இடுப்பு முன்னோக்கிச் சாய்வதால் எலும்புகளுக்கிடையிலான தொலைவும் குறைகிறது. அவருக்கு 16 அல்லது 17 சென்டிமீட்டர் அகலம் போதும், அதற்கு மேற்பட்டால் தொடை உராயும். இதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: நெளிவு அட்டைத் துண்டொன்றைக் கடினமான பலகையில் வைத்து, அதன்மேல் அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதிந்திருக்கும், அவற்றின் மையங்களுக்கு இடையிலான தொலைவு பெரும்பாலோருக்கு 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் அமையும், பெண்களுக்குப் பொதுவாகச் சற்றுக் கூடுதல். தோல் சீட்டின் பின்விளிம்பு இரும்புத் தகடு என்பதால், எலும்பு அந்தத் தகட்டின்மேல் விழாதபடி இருபுறமும் தாராளமாக இடம் விட வேண்டும். குறுகிய தோல் சீட் வாங்கி வருந்துபவர்கள் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான்.

பிரெஞ்சு மொழி இன்னும் புழங்கும் புதுச்சேரியில் ‘ரந்தொனேர்’ என்ற சொல்லுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. போட்டியிடாமல், குறித்த நேரத்துக்குள் நெடுந்தொலைவைக் கடப்பவர் என்பது அதன் பொருள். அவர்களுக்கான ‘பிரெவே’ பயணத்தில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரமும் 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் அளிக்கப்படுகின்றன. 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் பயணத்துக்கு உச்சவரம்பு 90 மணி நேரம். இத்தனை நேரம் அமர வேண்டியவர்களில் கணிசமானோர், எடை கூடுதல் என்று தெரிந்தும், தோல் சீட்டையே விரும்புவதை அதன் பயனுக்குச் சான்றாகக் கொள்ளலாம். விலங்குத் தோலைத் தவிர்க்க விரும்புவோருக்கு ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்து இதே தொங்கல் அமைப்பில் செய்த சீட்டுகளும் உள்ளன. அவை மழையைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் தோலைப்போல உடலுக்கேற்ப வளைந்து பழகுவதுமில்லை.

புதிய தோல் சீட் பலகைபோல் கடினமாக இருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குருசுக்குப்பத்திலிருந்து ஆரோவில் பக்கம் சென்று திரும்பினால் 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். நாள்தோறும் அவ்வாறு ஓட்டினால் ஒரு மாதத்துக்குள் 500 கிலோமீட்டர் சேர்ந்து, தோல் பதத்துக்கு வந்துவிடும். அவசரப்பட்டு எண்ணெயில் ஊறவைத்தால் தோல் அளவுக்கு மீறித் தளர்ந்து, கட்டில் தொய்வதுபோல் நடுவில் தொய்ந்துவிடும், பின்னர் மீளாது. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசையை மேலும் கீழும் மெல்லியதாகத் தேய்ப்பதே முறை. முன்முனைக்கு அடியில் இருக்கும் இழுப்பு போல்ட்டைத் தோல் உண்மையில் தளர்ந்த பிறகே, அதுவும் கால் சுற்றுக்கு மேல் போகாமல், திருக வேண்டும். சீட்டின் முனையைச் சமமட்டத்தில் அல்லது இழையளவு மேல்நோக்கி வைத்தால் உடல் முன்னே வழுக்காமல் பின்தகட்டை ஒட்டியே நிற்கும். முதல் சில வாரங்கள் தோலின் சாயம் துணியில் ஏறக்கூடும் என்பதால் வெள்ளை வேட்டியோடு அதில் அமர்வது நல்லதன்று.

கடலோரத்தில் தோல் சீட்டுக்கு எதிரிகள் மூன்று: மழை, பூஞ்சை, உப்புக்காற்று. புதுச்சேரியின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. நனைந்த தோலில் அமர்ந்து ஓட்டினால் ஒரே பயணத்தில் அது நிரந்தரமாக நீண்டுவிடும் என்பதால், மேலே பிளாஸ்டிக் உறையும், சக்கரம் வாரியிறைக்கும் நீர் அடிப்புறத்தில் படாதிருக்கப் பின்மட்கார்டும் இன்றியமையாதவை. மீறி நனைந்தால் வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். பூட்டிய அறையில் வெண்பூஞ்சை படர்ந்தால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைப்பது போதும். ஸ்பிரிங்கிலும் கம்பியிலும் ஏறும் துருவுக்கு எண்ணெய்த் துணி உதவும், அந்த எண்ணெய் தோலில் படாதவரை.

தோல் கிழிந்த பின்னும் சட்டகம் பிழைத்திருக்கும். ரிவெட்டுகளை நீக்கி, 5 மில்லிமீட்டர் தடித்தோலை இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, மரக்கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் அழுத்திச் சில நாட்கள் உலரவிட்டு, மீண்டும் செப்பு ரிவெட்டுகளால் அடித்துவிட்டால், வீட்டுத் தாழ்வாரத்தில் துருவேறிக் கிடக்கும் பழைய ஹெர்குலிஸின் சீட்டும் புதிதாக ஒருவரின் எடையைப் பழகத் தொடங்கும்.