மருந்துக்கு அடங்காத கிருமி

எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவருடைய உடல்நிலை குன்றும்போது, "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டார்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா வேளையிலும் அது நியாயமான பேச்சு அன்று.

இக்கிருமி தன்னைப் படியெடுக்கும்போது அடிக்கடி எழுத்துப்பிழை செய்கிறது. சில பிழைகள் அதற்கே இலாபமாகிவிடுகின்றன. அதன் நொதி ஒன்றில் 103-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறினால் போதும், எஃபாவிரென்ஸ் என்ற மாத்திரை பலனிழந்துபோகும். மாத்திரை இடையிடையே தவறும்போது இத்தகைய கிருமிகள் பெருகுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அதே கிருமி மற்றொருவருக்குத் தொற்றினால், அவர் ஒரு மாத்திரைகூட விழுங்கும் முன்பே மருந்துக்கு அடங்காத கிருமியைச் சுமக்கிறார். கணவரிடமிருந்து தொற்றுப்பெற்ற மனைவியையும், தாயிடமிருந்து பெற்ற பச்சிளங்குழந்தையையும் யார் குறைகூற முடியும்?

இதைக் கண்டறிய, இரத்தத்திலுள்ள கிருமியின் மரபணு எழுத்துகளை ஆய்வகத்தில் வரிசையாக வாசிக்கிறார்கள். தொலைதூர ஊர்களிலிருந்து சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி அனுப்பினாலும் போதும்.

ஆய்வு நடந்த 11 நாடுகளில் 6-இல், சிகிச்சை தொடங்குவோருள் 10 விழுக்காட்டுக்கும் மேலானோரிடம் இத்தகைய கிருமி இருந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் 2017-இல் அறிவித்தது. நமீபியா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகியவை அவற்றுள் அடங்கும். பத்தைத் தாண்டினால் தனிமனிதரைக் கடிந்து பயனில்லை. நாட்டின் மருந்தையே மாற்றவேண்டும். 2019-இல் டோலுடெக்ராவிர் முதல் தெரிவாகப் பரிந்துரைக்கப்பட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இந்தியாவும் பின்னர் அம்மருந்துக்கு மாறியது. அதற்கும் சில இடங்களில் எதிர்ப்பு தென்படுவதாக 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறியதால், இந்த வாசிப்பு இன்னும் தொடர்கிறது.