எண்ணெய்க்கு அஞ்சும் தட்டு

பெங்களூரு ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா செல்லும் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தடத்தில் கடைசிக்கு முந்தைய நிலையத்தின் பெயர் ‘பயோகான் ஹெப்பகோடி’. 1978-ல் கிரண் மஜும்தார் ஷா நொதிகள் தயாரிப்பதற்காகத் தொடங்கிய நிறுவனம் பயோகான். இன்று ஓசூர்ச் சாலையோரம் பெரிய வளாகமாக நிற்கும் அந்நிறுவனம், லிராகுளூட்டைடு என்னும் ஊசிமருந்தின் பொது வடிவத்துக்கு 2024 மார்ச்சில் பிரிட்டனில் அனுமதி பெற்றது. நம் குடல் தானாகவே சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செயற்படுவது அம்மருந்து. நீரிழிவைக் கட்டுப்படுத்துவதோடு பசியையும் தணிக்கும்.

குடலில் அந்த ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் தூண்டுதல்களுள் ஒன்று, உணவிலுள்ள கொழுப்பு. பசியடக்கும் ஊசியைப் பற்றி ஊரெல்லாம் பேசும் இந்நாளில், இட்லிப் பொடியில் ஊற்றும் நல்லெண்ணெயைக் கண்டு அஞ்சுவோரும் பெருகியிருப்பது வேடிக்கைதான்.

கொழுப்பு வாயைக் கடந்தவுடன் பசி அடங்கிவிடுவதில்லை. லைப்பேஸ் நொதி அதைக் கொழுப்பு அமிலங்களாகச் சிதைக்க வேண்டும். சிதைந்த அமிலங்கள் சிறுகுடலின் முற்பகுதியைத் தொடும்போது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இரைப்பை மெல்லக் காலியாகிறது. ‘போதும்’ என்ற செய்தி வேகஸ் நரம்பு வழியே மூளையை எட்டுகிறது. இதற்கு அமிலத்தின் நீளமும் முக்கியம். பன்னிரண்டு கார்பன் அணுக்களோ அவற்றுக்கு மேலோ கொண்ட அமிலங்களே இந்த ஹார்மோனை நன்கு தூண்டுகின்றன. நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் மிகுந்துள்ள ஒலிக், லினோலிக் அமிலங்கள் பதினெட்டுக் கார்பன் கொண்டவை. தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலம் சரியாகப் பன்னிரண்டு.

எதிர்த்திசையிலும் ஒரு கொழுப்பு அமிலம் உண்டு. இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோனை 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தனர். எட்டுக் கார்பன் கொண்ட ஒரு கொழுப்பு அமிலம் அதனுடன் ஒட்டிக்கொண்டால்தான் அது பசியைத் தூண்டும் ஆற்றல் பெறுகிறது. ஆக, பசியின் இரு முனைகளிலும் கொழுப்பு அமிலத்துக்குப் பங்குண்டு.

உணவுக் கோளாறு கொண்டோரிடம் இந்த ஒழுங்கு குலைந்திருக்கிறது. அடக்க இயலாமல் உண்டு, பின் வருந்தி வாந்தியெடுக்கும் புலிமியா நோயாளிகளுக்கு, உணவுக்குப்பின் கோலிசிஸ்டோகைனின் சுரப்பு குறைந்திருப்பதை 1988-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நிறைவுணர்வும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. உண்ணவே மறுக்கும் அனோரெக்சியாவிலோ கிரெலின் அளவு உயர்ந்து காணப்படுகிறது. உடல் பசியென்று கூவுகிறது. ஆனால் அச்சம் கையைத் தடுக்கிறது. இதைப் பிடிவாதம் என்றும் செல்லம் என்றும் வீட்டார் ஏசுவது எத்துணைப் பிழை!

இது மேல்நாட்டு நோயன்றோ எனச் சிலர் கேட்கலாம். சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு 1998-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஏழில் ஒருவரிடம் உணவு சார்ந்த மனத்துயர் காணப்பட்டது. முழு நோயின் அளவை அது எட்டவில்லை. ஆயினும் அவர்கள் உடலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்பது கருதத்தக்கது.

ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டி போன்ற இடங்களில் வீட்டைப் பிரிந்து விடுதி அறைகளில் வாழும் இளையோர் பலர். இரவுப் பணி முடித்து வருவோர் என்ன உண்டனர், உண்டனரா என்பதைக் கவனிக்க அருகில் ஆளில்லை. தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா?’ என்று அன்னை கேட்பார். ‘ஆயிற்று’ என்று பதில் வரும். பொங்கலுக்கு ஊர் வரும்போதுதான் வளையல் தளர்ந்திருப்பது கண்ணில் படும். முதலில் நெய் விலக்கப்படும், பிறகு தாளிப்பு, பிறகு தேங்காய். ‘உடல்நலத்துக்காக’ என்ற காரணம் கேட்க நன்றாகவே இருக்கும். மாதவிலக்கு நின்றுபோதல், எந்நேரமும் குளிர்தல், முடி உதிர்தல், உண்டவுடன் குளியலறைக்கு விரைதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்கலாகாது. ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும்.

லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் ஆகிய இரு கொழுப்பு அமிலங்களை நம் உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாது. உணவே தர வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உட்கிரகிக்கப்படவும் கொழுப்பு தேவை. எண்ணெயை அளவோடு பயன்படுத்துவது வேறு, அறவே துறப்பது வேறு. அதற்காக மீன் எண்ணெய் மாத்திரை இந்நோயை மாற்றிவிடும் என்று நம்பவும் வேண்டா. அதற்குப் போதிய சான்று இல்லை. உணவியல் வல்லுநரும் மனநல மருத்துவரும் சேர்ந்து அளிக்கும் சிகிச்சையே பயன் தருவது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். பாசத்தால் செய்யப்படும் இத்தவற்றை முதலில் தவிர்க்க வேண்டும். இத்தகையோர் எடைகுறைப்பு ஊசியைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது அதனினும் கேடு.

செலவைப் பற்றி ஒரு சொல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்குமாறு காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. எனினும் பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வாரந்தோறும் பெறும் ஆலோசனைக்குத் தருவதில்லை. தங்கள் பாலிசியில் புறநோயாளர் பிரிவு உண்டா என்பதைப் புதுப்பிக்கும்போதே பார்த்துக்கொள்வது நன்று.

ஹெப்பகோடியிலிருந்து அதே ஓசூர்ச் சாலையில் நகர் நோக்கிச் சென்றால் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வரும். நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.