உழவர் சந்தை: விலைக்குள் இருக்கும் நீதி



நாம் கடையில் ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்குகிறோம். கொடுக்கிற பணத்தில் அதை விளைவித்தவருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. விலை கூடினால் முணுமுணுக்கிறோம். குறைந்தால் மகிழ்கிறோம். அந்தக் கூடுதலும் குறைவும் ஒரு விவசாயக் குடும்பத்தில் என்ன செய்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்யும் ஓர் இடம் நம் அருகிலேயே இருக்கிறது. அதுதான் உழவர் சந்தை. அது ஏன் உருவானது, எப்படி நடக்கிறது, அதில் நமக்கு என்ன பங்கு என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

கரும்பும் கத்திரியும்

நெல்லிக்குப்பம் என்றதும் நினைவுக்கு வருவது கரும்பும் சர்க்கரை ஆலையும்தான். பாரி நிறுவனம் 1842-இல் இங்கே சர்க்கரைத் தொழிலைத் தொடங்கியது. அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கரும்பு நம் பகுதியின் பயிராக இருந்து வருகிறது. கரும்பு பயிரிடுகிறவருக்கும் கவலைகள் உண்டு. வெட்டுக்கூலி, தண்ணீர், ஆலையின் வெட்டு உத்தரவுக்காகக் காத்திருப்பு என்று அவை பல. ஆயினும் ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று மத்திய அரசு ஆண்டுதோறும் ஒரு விலையை அறிவிக்கிறது. நடுவதற்கு முன்பே ஓரளவு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அதே வரப்புக்கு அந்தப் பக்கம் கால் காணியில் கத்திரியும் வெண்டையும் போட்டிருப்பவருக்கு இந்த வசதி இல்லை. தன் காய் என்ன விலைக்குப் போகும் என்பது மூட்டை மண்டியில் இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரியும். கரும்பு சில நாள் பொறுக்கும். மல்லாட்டையைக் காயவைத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கீரையும் தக்காளியும் பொறுக்காது. இன்று விற்காவிட்டால் நாளை அது குப்பை. விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்கடி விற்பவருக்கு மட்டுமே இருக்கும்போது, விலை சொல்லும் உரிமை வாங்குபவரிடம் போய்விடுகிறது. காய்கறி விவசாயியின் துன்பத்துக்கு இதுவே வேர்.

மண்டியின் கணக்கு

மண்டி வியாபாரிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்வது நியாயமல்ல. விதைக்கும் உரத்துக்கும் பணமில்லாத நாளில் முன்பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். மகள் திருமணத்துக்கும், திடீரென வந்த மருத்துவச் செலவுக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் முன்பணம் வாங்கியவர் வேறிடத்தில் விற்க முடியாது. சரக்கு அந்த மண்டிக்கே போகவேண்டும். அங்கே கமிஷன், இறக்குகூலி, எடைக் கழிவு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது போக மீதிதான் கைக்கு வரும்.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக மட்டுமே. மண்டியில் கத்திரிக்காய் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு கமிஷன் போனால் விவசாயிக்கு 18 ரூபாய். அதே காய் இரண்டு கை மாறி நம் தெருக் கடைக்கு வரும்போது 30 ரூபாய் ஆகிவிடுகிறது. ஐம்பது கிலோ கொண்டுபோனவருக்குக் கிடைப்பது 900 ரூபாய். அந்த ஐம்பது கிலோவுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து கொடுப்பது 1,500 ரூபாய். இடையில் இருப்பது 600 ரூபாய். அதில் வண்டி வாடகை உண்டு. கடைக்காரரின் உழைப்பும் அழுகிப்போகும் காயின் நட்டமும் உண்டு. எனினும் மூன்று மாதம் வெயிலில் நின்றவரின் பங்கு இவ்வளவுதானா என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

உழவர் சந்தை வந்த வழி

இதற்கு ஒரு மாற்று வழியாக, விளைவித்தவரே நேரடியாக விற்கும் சந்தைகளை அரசே அமைக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1987-இல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' தொடங்கப்பட்டது. 'நம் சந்தை' என்பது அதன் பொருள். 1999 ஜனவரி 26 அன்று ஆந்திராவில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். ஓரிரு ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுவதும் நூறு சந்தைகள் வரை உருவாகின. 2001-க்குப் பிறகு சில ஆண்டுகள் அவை கவனிப்பாரின்றித் தளர்ந்தன. 2006-க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன. நமது மாவட்டத்தில் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் போன்ற நகரங்களில் உழவர் சந்தைகள் உள்ளன. நெல்லிக்குப்பத்தில் இருப்பவர்களுக்குக் கிழக்கே போனால் கடலூர், மேற்கே போனால் பண்ருட்டி. இரண்டும் ஒரு பேருந்துப் பயண தூரம்தான்.

நேரடியாக விற்பது நமக்குப் புதிதல்ல. அருகிலுள்ள காராமணிக்குப்பத்தில் திங்கட்கிழமைதோறும் கூடும் வாரச் சந்தையை நம் பாட்டிமார் நன்கு அறிவார்கள். கருவாட்டுக்கென்றே அங்கு போகிறவர்கள் பலர். விளைந்ததை விளைந்தவர் விற்று, தேவையானதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பழக்கம் நம் மண்ணில் பழமையானது. நேரடி விற்பனையோடு விலைக்கும் எடைக்கும் ஒரு காவலைச் சேர்த்ததுதான் உழவர் சந்தையின் புதுமை.

அது எப்படி நடக்கிறது?

முதலாவது, அடையாள அட்டை. உழவர் சந்தையில் விற்பவர் உண்மையான விவசாயியாக இருக்கவேண்டும். நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் பார்த்து உறுதிசெய்த பிறகு புகைப்படத்துடன் அட்டை வழங்கப்படுகிறது. வேறிடத்தில் வாங்கி வந்து விற்பவர்களை விலக்கிவைக்கவே இந்த ஏற்பாடு.

இரண்டாவது, வாடகையில்லாத கடையும் தராசும். இடத்துக்கு வாடகை கிடையாது. எடைபோடும் தராசும் சந்தையிலேயே தரப்படுகிறது. கமிஷன் இல்லை. மூட்டைகளை அரசுப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிவரும் சலுகையும் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, விலைப் பலகை. ஒவ்வொரு நாளும் காலையில் மொத்த விலையையும் வெளிக்கடை விலையையும் விசாரித்து, சந்தை அலுவலர்கள் விவசாயிகளுடன் கலந்து அன்றைய விலையை முடிவுசெய்து பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவாகவும் அது இருக்கவேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நம் கணக்கின்படி பார்த்தால் கத்திரிக்காய் கிலோ 25 ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக அமையும். ஐம்பது கிலோவுக்கு விவசாயிக்கு 900-க்குப் பதில் 1,250 ரூபாய். வாங்கும் நமக்கோ கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம். இருவருக்கும் நன்மை. யாரையும் ஏமாற்றாமல் கிடைக்கிற நன்மை.

சரியான தராசு என்பது இறைவாக்கினர் ஆமோஸ் காலத்திலிருந்தே விசுவாசத்தோடு சேர்ந்த காரியம். அளவையைச் சிறிதாக்கி, எடையில் ஏமாற்றி, ஏழையை விலைக்கு வாங்கும் வணிகரை அவர் கடுமையாகக் கண்டித்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் 2009-இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில், பொருளை வாங்குவது வெறும் பணச் செயல் அன்று, எப்போதும் அது ஓர் அறநெறிச் செயலும் ஆகும் என்று நினைவூட்டினார். காய்கறிப் பையோடு சந்தைக்குள் நுழையும் நமக்கும் அது பொருந்தும்.

ஒரே பெரிய சந்தையை நம்பினால்

அருகிலுள்ள சந்தை நமக்கு எவ்வளவு தேவை என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கொரோனா பரவலால் சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே சுமை தூக்கி வேலைசெய்த நம் மாவட்டத் தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு தொற்றும் கடலூர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு பெரிய வாசல் அடைபட்டபோது விளைந்தது வயலில் கிடந்தது. நகரத்திலோ காய் கிடைக்கவில்லை. அந்நாளில் பேருந்து நிலையங்களிலும் திடல்களிலும் இடம்மாற்றி நடந்த சிறிய சந்தைகளும், தெருத்தெருவாக வந்த காய்கறி வண்டிகளும்தான் பல ஊர்களில் அடுப்பு எரிய உதவின.

இயற்கையும் நம் பகுதியை அடிக்கடி சோதிக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை கரைபுரண்டு வயல்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட நாள்களில் காய்கறி விலை ஏறுகிறது. "விவசாயிக்கு இப்போது நல்ல காலம்" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மை அதுவன்று. விலை ஏறும் நாளில் அவரிடம் விற்கக் காய் இல்லை. காய் நிறைய இருக்கும் நாளில் விலை இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நமக்கு நினைவிருக்கும். அதே தக்காளியைப் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டிய நாள்களும் உண்டு.

குறைகளையும் பார்ப்போம்

உழவர் சந்தை எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. சில இடங்களில் வியாபாரிகள் பிறர் பெயரில் அட்டை பெற்று நுழைந்துவிடுகிறார்கள் என்ற புகார் தொடக்கத்திலிருந்தே உண்டு. விடியற்காலையில் காய் பறித்து, முதல் பேருந்தைப் பிடித்து, நண்பகல்வரை உட்கார்ந்து விற்பவர் அந்நாளின் வயல் வேலையை இழக்கிறார். வீட்டில் இன்னொரு கை இல்லாதவருக்கு இது முடியாத காரியம். ஆகவேதான் பலர் இன்றும் மண்டிக்கே போகிறார்கள்.

இன்னொரு குறை ஆழமானது. அட்டைக்கு நில ஆவணம் வேண்டும். குத்தகைக்குப் பயிர்செய்பவரிடம் பெரும்பாலும் எழுத்து ஏதும் இருப்பதில்லை. நாற்று நட்டு, களை எடுத்து, காய் பறிக்கும் பெண்ணின் பெயரில் பட்டா இருப்பது அரிது. மிகுதியாக உழைப்பவரே வாசலுக்கு வெளியே நிற்கும் நிலை இது. நீதிக்காக ஏற்படுத்திய சந்தையில் இந்த நீதியும் கிடைக்க வேண்டுமல்லவா?

சந்தை வாசலில் கூடையோடு அமர்ந்து கீரையும் எலுமிச்சையும் விற்கும் வயதான அம்மாவையும் மறக்க வேண்டாம். அவரிடம் அட்டை இல்லை. மண்டியில் வாங்கி விற்கிறவர்தான். ஆனால் அவரும் அன்றாடம் உழைத்து உண்பவர். இடைத்தரகர் என்ற ஒரே சொல்லில் அவரையும் பெரிய முதலாளியையும் அடக்கிவிட முடியாது.

நாம் செய்யக்கூடியவை

1. மாதத்தில் ஓரிரு முறையாவது உழவர் சந்தைக்குப் போவோம். ஒரே அன்பியத்தைச் சேர்ந்த நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து, ஒருவர் போய் எல்லாருக்கும் வாங்கி வரலாம். பேருந்துச் செலவும் நேரமும் மிச்சமாகும்.

2. பலகையில் எழுதிய விலையைக் கொடுப்போம். குளிரூட்டிய பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, தரையில் அமர்ந்திருக்கும் விவசாயியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவது முறையா?

3. வளைந்த வெண்டையையும் சிறுத்த கத்திரியையும் ஒதுக்காதிருப்போம். ருசியில் குறையொன்றும் இல்லை. பொறுக்கி எடுத்தபின் மிஞ்சுவது விவசாயியின் நட்டம்.

4. அந்தந்தக் காலத்தில் நம் பகுதியில் விளைவதை வாங்குவோம். துணிப்பை கொண்டுபோவோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது.

5. குத்தகை விவசாயிகளும் பெண்களும் அட்டை பெற, விண்ணப்பம் எழுதவும் அலுவலகத்துக்கு உடன் சென்று வரவும் நம் பங்கிலுள்ள படித்த இளைஞர்கள் உதவலாம். ஒரு மணி நேர உதவி ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டு வழியைத் திறக்கும்.

6. விற்பவரின் பெயரையும் ஊரையும் கேட்டு அறிந்துகொள்வோம். "இந்த முறை மழை எப்படி?" என்று ஒரு வார்த்தை விசாரிப்போம். அடுத்த வாரம் அவர் வராவிட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஒருவர் இருப்பார்.

நமது உணவு பணத்திலிருந்து விளைவதில்லை. மண்ணிலிருந்தும், மழையிலிருந்தும், ஒருவருடைய உழைப்பிலிருந்தும் அது விளைகிறது. அந்த ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம். ஞாயிறன்று கோயிலில் நம் அருகே அமர்பவராகவும் இருக்கலாம். அவருக்குச் சேரவேண்டிய விலை அவருக்குச் சேரும்படி பார்த்துக்கொள்வது நாம் செய்யும் தருமம் அன்று, நம் கடமை. இந்த வாரம் காய்கறிப் பையை எடுக்கும்போது நம் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவோமா?