ஆறாத புண்: போர்முனையினின்று மீண்டோர் உள்ளம்

புண் இரு வகைத்து. உடலிற் பட்டது ஒன்று. உள்ளத்திற் பட்டது மற்றொன்று. உடற்புண்ணுக்குத் தமிழர் நுட்பமாகப் பெயரிட்டனர். மார்பிற் பட்டதை விழுப்புண் என்றனர். முதுகிற் பட்டதைப் புறப்புண் என்றனர். முன்னது பெருமை, பின்னது சிறுமை. ஆயின், மார்பிலும் முதுகிலும் ஒரு தழும்பும் இன்றி ஊர் திரும்பியவன், இருபது ஆண்டு கழிந்த பின்னும் நள்ளிரவில் அலறி எழுகின்றான் என்றால், அவன் புண்ணுக்குப் பெயர் யாது? அதனை விழுப்புண் என்பதா, புறப்புண் என்பதா? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் விடை காண நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் பழம்பாடல்களிலும் அதற்குச் சில குறிப்புகள் உள. மலாயாவின் தோட்டப்புற வரலாற்றிலோ அவ்வினா இன்னும் உரக்கக் கேட்கப்படவே இல்லை.

பெயர் தேடிய வரலாறு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர் பலருக்குக் காரணமின்றி நெஞ்சு படபடத்தது, மூச்சு வாங்கியது, உறக்கம் கெட்டது. 1871இல் தாகோஸ்தா என்ற மருத்துவர் இதனை ஆராய்ந்து எழுதினார். நோய் இதயத்தில் உள்ளது என்பதே அக்கால எண்ணம். பின்னர் முதல் உலகப் போர் வந்தது. பதுங்குகுழிகளில் மாதக்கணக்கில் பீரங்கி முழக்கத்திடையே கிடந்த வீரர் சிலர் பேச்சிழந்தனர். சிலர் நடை இழந்தனர். சிலர் கை நடுக்கம் நிற்காது தவித்தனர். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற உளநூல் மருத்துவர், 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இதனைக் குண்டதிர்ச்சி என்ற பெயரால் குறித்தார். குண்டு வெடித்த அதிர்வு மூளையைத் தாக்குகிறது என்று பலர் கருதினர். ஆயின் குண்டு அருகில் வெடிக்காதவரிடமும் இக்குறிகள் தோன்றின. புண் மூளைத் தசையில் மட்டும் இல்லை என்பது மெல்லத் தெளிவாயிற்று.

இத்தெளிவு வருமுன் நேர்ந்த கொடுமை பெரிது. ஓடினான், அஞ்சினான் முதலிய குற்றங்களுக்காக அப்போரில் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ் படையினருள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிற்றான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருள் எத்துணைப் பேர் கோழையர், எத்துணைப் பேர் நோயாளர் என்பதை இனி எவரும் பிரித்தறிய இயலாது.

அதே போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் வேறொரு முறை கையாளப்பட்டது. அங்கே பணிபுரிந்த ரிவர்ஸ் என்பார் தமிழகத்தார்க்குப் புதியவர் அல்லர். நீலகிரித் தோடர்களை ஆராய்ந்து 1906இல் பெருநூல் வெளியிட்டவர் அவரே. 'மறந்துவிடு, நினையாதே' என்று வீரர்க்கு அறிவுரை கூறுவது பயன்தராது. அமுக்கிய நினைவே இரவிற் கனவாக எழுகிறது. ஆகலின் பரிவுடையார் முன் அதனைப் பேசவிடுதலே நன்று என்பது அவர் கொள்கை. வியட்நாம் போரினின்று மீண்டோர் படும்பாடு அமெரிக்காவில் பெருவழக்கான பின், 1980இல் அந்நாட்டு உளமருத்துவர் கழகம் இதனைத் தனி நோயாக ஏற்றது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் என அதனைத் தமிழில் வழங்கலாம்.

நோயின் இயல்பு

இதன் குறிகள் நான்கு வகையின. நடந்தது நினைவாகவன்றி நடப்பதாகவே மீண்டும் மீண்டும் தோன்றுதல் ஒன்று. அதனை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் விலக்குதல் இரண்டு. மகிழ்ச்சியும் அன்பும் மரத்து, தன்னையே பழித்துக்கொள்ளுதல் மூன்று. சிற்றொலிக்கும் திடுக்கிடுதல், எளிதிற் சினத்தல், உறக்கமின்மை ஆகியவை நான்கு.

இவற்றின் காரணத்தை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். பல்லாண்டு விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து பழகியவர், வேலையினின்று ஓய்ந்த பின்னும் அதே வேளையில் விழித்துக்கொள்வதைத் தோட்டத்தார் அறிவர். வேலை நின்றது, உடல் அதனை ஏற்கவில்லை. போர்முனையில் ஒரு சுள்ளி முறியும் ஓசைக்குத் துள்ளி விழுந்தவனே உயிர் பிழைத்தான். ஆண்டுகள் சென்று, வீட்டு முற்றத்தில் குழந்தை தகரத்தைக் கீழே போட்டாலும் உடல் அதே கட்டளையை நிறைவேற்றுகிறது. அன்று உயிர் காத்த பழக்கம் இன்று நோயாயிற்று. ஆதலின் இது கோழைமையன்று என்பது வெளிப்படை.

அச்சத்தின் வேறான மற்றொரு புண்ணும் உண்டு. செய்யத்தகாததைச் செய்தோம், காக்க வேண்டியவனைக் காவாது விட்டோம், நம்பிய தலைவரால் கைவிடப்பட்டோம் என்ற எண்ணங்களால் வருவது அது. அமெரிக்க மருத்துவர் ஜோனதன் ஷே 1994இல் ஹோமரின் காப்பியத்தோடு வியட்நாம் வீரர் கதைகளை ஒப்பிட்டு எழுதிய நூல் இதனை விளக்கிற்று. இதனை அறப்புண் எனலாம். அச்சம் தணிந்தாலும் அறப்புண் தணிவதில்லை.

போருக்குச் சென்றோர் அனைவரும் இந்நோய்க்கு ஆளாவதில்லை. ஆளானவருள்ளும் பலர் தேறுகின்றனர். தேறுவதற்குத் துணையாவனவற்றுள் சுற்றத்தார் ஆதரவு முதன்மையானது என்பது ஆராய்ச்சியாளர் பலரும் உடன்பட்ட முடிவு.

பழம்பாடல் காட்டும் உள்ளம்

நம் புறப்பாடல்களை வீரத்தின் பாடல்கள் என்றே மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அது பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறை வேந்தன் கண்ணுறங்கவில்லை. போர் வேட்கையே காரணம் என்று புலவர் கூறினும், அவன் நெஞ்சில் ஓடுவன வேறு. புண்பட்ட யானைகள், செஞ்சோற்றுக் கடன் கழித்து மாண்ட வீரர், அம்பு தைத்த வலியால் செவி சாய்த்துப் புல்லுண்ணாது நிற்கும் குதிரைகள் ஆகியவற்றை எண்ணியே அவன் நெடும்பொழுது கழிக்கின்றான். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் மன்னனோ வாடைக்காற்றில் நள்ளிரவில் சிலரோடு எழுந்து, புண்பட்ட வீரரைத் தேடிச் சென்று காண்கின்றான்.

புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு இவ்வகையில் அரியது. விழுப்புண் பட்டவன் வீட்டில் இரவமும் வேம்பும் செருகப்படுகின்றன, யாழ் இசைக்கப்படுகிறது, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பி அவனைக் காப்போம் என்கிறாள் வீட்டுப் பெண். பேய் அணுகாமைக்குச் செய்வன இவை. இக்கால உளநூலை அக்காலத்தார் அறிந்திருந்தனர் என்று இதனால் முடிபு கட்டுதல் மிகையாகும். ஆயினும், களத்தினின்று வந்தவனை இரவில் தனியே விடலாகாது. அவனைச் சூழ்ந்து ஒளியும் இசையும் ஆளரவமும் வேண்டும் என்பதை அவர்கள் வழக்காகவே கொண்டிருந்தனர் என்பது தெளிவு.

நாணத்தால் வரும் புண்ணையும் அப்புலவர் அறிவர். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனொடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். சிறைப்பட்ட சேரமான் கணைக்காலிரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்து வந்தமையின், அதனைப் பருகாது மாண்டான். இவர்களை மானத்தின் சின்னங்களாகப் போற்றுகின்றோம். இவர்களைக் கொன்றது வாளன்று, உள்ளத்து வேதனையே என்பதையும் உடன் எண்ணுதல் தகும்.

தோட்டத்தினின்று பர்மா முனைக்கு

1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் சிலாங்கூரை நெருங்கியபோது, கோல சிலாங்கூர்க் கரையிலும் இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியிலும் பிரிட்டிஷாரின் இந்தியப் படைகள் எதிர்த்து நின்றன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றபின், மலாயாத் தோட்டங்களினின்று தமிழ் இளைஞர் பெருந்தொகையாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். நாட்டுப்பற்றால் சேர்ந்தோர் பலர். பசியாலும், சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்படுவர் என்ற அச்சத்தாலும் சேர்ந்தோரும் உளர். டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர்.

சேர்ந்தோரில் ஒரு பகுதியினரே பர்மா முனை சென்றனர். 1944 மார்ச்சு முதல் ஜூலை வரை நடந்த இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. மழையும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியும் துப்பாக்கிக் குண்டினும் மிகுதியாகப் படையினரைக் கொன்றன. 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையை, மலாயாத் தமிழர் பலர் இருந்த நேரு படைப்பிரிவு காத்து நின்று பின்வாங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டு ஜான்சி ராணிப் படைப் பெண்கள் வழியின் ஒரு பகுதியைக் கால்நடையாகவே கடந்து பாங்காக்கை நோக்கி வந்தனர்.

மீண்டு வந்தோர்க்குக் காத்திருந்தது யாது? 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தைச் செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். டில்லிச் செங்கோட்டை வழக்கு இந்தியாவைக் குலுக்கியது. ஆயின் மலாயாத் தோட்டத்து வீரனுக்கு அவ்வழக்கு தொலைவில் ஒலித்த முரசே. அவன் பழைய லயத்துக்கே, பழைய பால்மரத்துக்கே திரும்பினான். துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்று. அத்தகைய தோட்ட உலகுக்கே துப்பாக்கி ஏந்திய கை திரும்பிற்று. வீட்டிலோ, தந்தையோ தமையனோ சயாமினின்று திரும்பாத வெற்றிடம்.

ஆறுதலுக்குச் சுற்றத்தார் ஆதரவு வேண்டும் என்று மேலே கூறப்பட்டது. அவ்வாதரவைத் தரவேண்டிய சுற்றமே தன் இறந்தோரை எண்ணி அழுதுகொண்டிருந்தது. தோற்ற படைக்குப் பாட்டில்லை. ஆண்ட அரசுக்கு அவன் பகைவன். விடுதலை பெற்ற இந்தியாவுக்கு அவன் கடல் கடந்தவன். எதிரணியில் நின்ற இந்தியப் படையினரும் தன் நாட்டாரே என்ற எண்ணம் வேறு. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' என்ற நாவல் இந்நிலையின் ஒரு கூற்றைக் காட்டுகிறது. படையினின்று பினாங்கு திரும்பிய இளைஞன் செல்லையாவுக்கு முதலாளி மகளைத் தர மறுக்கின்றார். படைக்குப் போய்வந்தவன் பழைய ஆள் அல்லன் என்பது அவர் கருத்து. அக்கருத்தில் ஒரு கொடிய உண்மை உண்டு. அவன் பழைய ஆள் அல்லன்தான். அதற்காக அவனை விலக்குவதா, அணைப்பதா என்பதே வினா.

பத்தாங் காலி

வென்ற பக்கத்து வீரர்க்கும் இப்புண் உண்டு என்பதற்கு வட சிலாங்கூரே சான்று. 1948 டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில், அவசரகாலத் தொடக்கத்தில், பத்தாங் காலியை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றில் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக்கொன்றனர். தப்பியோட முயன்றனர் என்பதே அரசின் விளக்கம். இருபத்தோராண்டுக்கு மேல் கழிந்து, 1970இல், அப்படையினர் சிலர் லண்டன் செய்தித்தாள் ஒன்றின் வாயிலாக, அவ்விளக்கம் பொய் என்று உறுதிமொழியோடு அறிவித்தனர். அவர்களைத் தண்டிப்பார் எவரும் அப்போது தேடி வரவில்லை. அவர்களே வாய் திறந்தனர். பிரிட்டிஷ் அரசு தொடங்கிய விசாரணை, ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. இறந்தோர் குடும்பத்தாரின் முறையீட்டை 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்குக் கொல்லப்பட்டோர் குடும்பத்தார் துயரமே முதன்மையானது. கொன்றோர் துயரம் அதற்கு ஈடன்று. ஆயினும் அறப்புண் இருபதாண்டு கடந்தும் ஆறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆசிரியர் கடன்

புஞ்சாக் ஆலாம், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் லயங்கள் மறைந்து புதுக் குடியிருப்புகள் எழுந்து வருகின்றன. பர்மா முனை கண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆயினும் அவர்தம் பேரரும் கொள்ளுப்பேரரும் நம் தமிழ்ப்பள்ளிகளில் அமர்ந்துள்ளனர். 'தாத்தா யாரோடும் பேசமாட்டார்', 'இரவில் கத்துவார்', 'கள்ளுக்கடையே கதியாகக் கிடந்தார்' என்னும் குடும்பக் கதைகள் அவர்களிடம் உள. அக்கதைகளைச் 'சிடுசிடுப்பு', 'குடிகாரர்' என்ற சொற்களால் முடித்துவிடுவது எளிது. அதன் பின்னே ஓர் ஐராவதிக் கரை இருந்திருக்கலாம் என்று எண்ணத் தூண்டுவது கல்வி.

புறநானூற்றைக் கற்பிக்கையில், ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயின் பாட்டோடு, புண்பட்டவனைச் சூழ்ந்து காத்த பெண்ணின் பாட்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். முன்னதை மட்டும் கற்ற மாணவன் மீண்டுவந்தவனிடம், 'எத்தனைப் பேரைச் சுட்டாய்?' என்று கேட்பான். இரண்டையும் கற்றவன், 'நன்றாக உறங்கினீர்களா, தாத்தா?' என்று கேட்பான். முதல் வினா வாயை அடைக்கும். இரண்டாவது வினா, காலந்தாழ்த்தேனும், அதனைத் திறக்கும்.

இன்றும் படையிலும் காவல்துறையிலும் பணிபுரிவோர், பெருவிபத்தினின்று தப்பியோர் ஆகியோர்க்கு இந்நோய் வரக்கூடும். இதற்கு மருத்துவம் உண்டு. உரியவரிடம் பேசுதலாலேயே பெரிதும் தேறியவர் உளர். அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் நாணத்தக்கதன்று. நாவினாற் சுட்ட வடு ஆறாது என்றார் வள்ளுவர். ஆறாத புண் உடையவர்மேல் அவ்வடுவையும் சேர்த்து இடாதிருத்தலே ஊரார் செய்யக்கூடிய முதல் மருத்துவம்.