கண்ணோடு கழுத்துக்கும்

சிராங்கூன் சாலை நகைப் பட்டறையில் 30 ஆண்டுகள் உழைத்தவர் என் தாத்தா. குனிந்து குனிந்தே அவர் கழுத்து தேய்ந்துபோனது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் சேர்ந்து, ‘லூப்’ எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கப் போனபோது அந்தக் கழுத்துதான் நினைவுக்கு வந்தது.

“வாங்குவதே வாங்குகிறாய், ரொம்பப் பெரிதாகக் காட்டுவதாக வாங்கும்மா” என்றார் அப்பா. ஆனால், உருப்பெருக்கம் கூடினால் பார்வைப் பரப்பு சுருங்கும். 2.5 மடங்கில் பல பற்கள் சேர்ந்து தெரிந்தன. 5 மடங்கிலோ, தலை சற்று அசைந்தாலும் காட்சி நழுவியது.

அதைவிட முக்கியம் அளவு. கண்மணிகளின் இடைவெளி, வில்லை கீழ்நோக்கிச் சாயும் கோணம், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் நோயாளியின் வாய்க்கும் உள்ள தூரம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். தூரம் குறைவாக அமைந்தால், தெளிவாகப் பார்க்க நாம்தான் குனிவோம்.

தலைவிளக்கில் ஆரஞ்சு வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்லை அடைக்கும் ரெசின் நீல ஒளியில் இறுகும். வெள்ளை ஒளியிலும் நீலம் உண்டு. வடிகட்டி இல்லாவிட்டால் வேலை முடியுமுன்பே இறுகத் தொடங்கிவிடும்.

2.5 மடங்கையே எடுத்தேன். வீட்டில் தாத்தா அதை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்தபடியே தம் மோதிரத்தைப் பார்த்தார்.

“அப்போதே இது கிடைத்திருந்தால்…” என்றபடி கழுத்தைத் தடவிக்கொண்டார்.