உண்டியலில் முகம் வேண்டாம்!

புயலோ வெள்ளமோ வந்துவிட்டால் போதும்... திண்டிவனத்தில் பஸ் நின்றதும் ஜன்னலோரம் டப்பா குலுங்கும். கல்லூரிப் பசங்க! ‘‘எதுக்குப்பா?’’ என்று கேட்டால், ‘‘புயல் நிவாரணம் சார்!’’ என்று பட்டென்று பதில் வரும். 2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது விழுப்புரம், கடலூர் பக்கம் இதற்கு அவசியமும் இருந்தது.

ஆனால், போரில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக டப்பா குலுக்கினால்? அதன்மேல் யார் படத்தை ஒட்டுவது? சிக்கலே அங்கேதான்!

2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் 8 பேர், ஈழத்தில் நடந்த கொடுமைகளுக்கு நீதி கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. கலைக் கல்லூரிகளைக் காலவரையின்றி மூட அரசு உத்தரவிடும் அளவுக்குப் போனது.

அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 26-ல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. இலங்கையில் 2006 முதல் 2012 வரை, காவலில் வைக்கப்பட்ட தமிழர்கள் மீது நடந்ததாகச் சொல்லப்படும் பாலியல் வன்முறைகள் பற்றியது. மொத்தம் 75 பேர். இலங்கை அரசு மறுத்தது.

‘இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிற அன்பரே, கொஞ்சம் நில்லுங்கள்! அந்த 75-ல் பெண்கள் 41 பேர். ஆண்கள் 31 பேர். சிறுவர்கள் 3 பேர். ‘நம் சகோதரிகளுக்கு நீதி’ என்று மட்டும் கோஷம் போட்டால், அந்த 34 பேர் எங்கே போய் நிற்பார்கள்?

ஆணோ பெண்ணோ, பலரும் வாயைத் திறக்காததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மறுபடியும் வந்துவிடுவார்களோ என்ற பயம். இன்னொன்று, ஊர் என்ன பேசுமோ என்ற பயம். முதலாவதைப் போக்க அரசாங்கம் வேண்டும். இரண்டாவது நம் கையில் இருக்கிறது சார்!

சரி, இலங்கை தூரம். திருக்கோவிலூர்?

2011 நவம்பரில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர் அருகே தி.மண்டபத்தில், இருளர் பெண்கள் 4 பேர் போலீஸார் மீது பாலியல் வன்முறைப் புகார் சொன்னார்கள். அங்கே போரும் இல்லை, குண்டும் இல்லை. ஆனால் சீருடை இருந்தது, எதிர்த்துப் பேச முடியாத ஏழைகள் இருந்தார்கள். அவர்கள் பக்கம் நின்றது, திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். ஈழத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திய தம்பிகளில் எத்தனை பேருக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும்?

ஆகவே, அடுத்த முறை டப்பா எடுக்கும் தம்பிகளுக்கு மூன்று வார்த்தை.

ஒன்று, பாதிக்கப்பட்டவர் பேரும் படமும் வேண்டாம். இங்கே அது சட்டப்படியும் குற்றம். அன்று இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ, இன்று பாரதிய நியாய சன்ஹிதா 72. இரண்டு வருஷம் வரை உள்ளே போகலாம்!

இரண்டு, ‘என்னம்மா நடந்துச்சு, சொல்லுங்க’ என்று மைக்கை நீட்டாதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள், போதும்.

மூன்று, ரசீது கொடுங்கள். களத்தில் வருஷக்கணக்காக நிற்பவர்களிடம் பணத்தைச் சேருங்கள். காங்கோவில் 1999-ல் பான்சி மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் டெனிஸ் முக்வேகே, 2018-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். அவர் நடத்துவது ஒருநாள் கூத்தில்லை. ஆபரேஷனோடு நிற்காமல் மனநல சிகிச்சை, சட்ட உதவி என்று தொடர்கிற வேலை.

நம் பக்கமும் அதே கதைதான். ஊர்வலம் ஒரே நாளில் முடிந்துவிடும், வழக்கு முடியாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் செங்கல் சூளையில் ஒருநாள் கூலி போகும். பஸ் சார்ஜ், சாப்பாடு, வக்கீல் செலவு எல்லாம் தனி. நாம் போடுகிற பத்து ரூபாய் அதற்குப் போகட்டும். அதற்கு விலையாக அவர்கள் தங்கள் கதையை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை!