தோலில் இருக்கிறது முத்தின் விலை

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் கொடுத்த நகைகளின் கணக்கு, கோயில் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பட்டியலை இன்றைய நகை மதிப்பீட்டாளர் ஒருவர் படித்தால், தன் தொழிலின் கணக்கேடு என்றே நினைப்பார். முத்து என்று பொதுவாக எழுதி அவர்கள் நிறுத்திவிடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், சப்பத்தி, சக்கத்து, கறடு, இரட்டை என்று வகை பிரித்தார்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியையும் நிறத்தையும் தனியே குறித்தார்கள். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்றொரு எடைக்கல்லும், மணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்றொரு எடைக்கல்லும் இருந்தன.

இன்று உலகம் முழுவதும் முத்து வணிகர்கள் பின்பற்றும் அளவுகோல்களை, ஜிஐஏ எனப்படும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் ஏழாக வகுத்திருக்கிறது. அளவு, உருவம், நிறம், ஒளிர்வு, மேற்பரப்பு, முத்துப்படலத்தின் தரம், ஒன்றோடொன்று பொருந்தும் தன்மை. நகைக்கடையில் நிற்கும் நம்மில் பெரும்பாலோர் இவற்றில் இரண்டைத்தான் பார்க்கிறோம்: உருண்டையா, வெள்ளையா? முத்தை முத்தாக்குவது ஒளிர்வும் படலமும். அவை இரண்டும் கவனிக்கப்படாமலே விலை பேசி முடிந்துவிடுகிறது.

படலம் என்பது என்ன? சிப்பியின் உடலை மூடியிருக்கும் மேலாடைத் திசு, ஓட்டின் உட்புறத்தைப் பூசுவதற்காகச் சுரக்கும் பொருள்தான் அது. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதுவும் அரகோனைட் என்ற படிக வடிவத்தில், மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். தகடுகளுக்கு நடுவே கான்கியோலின் என்ற புரதம் ஒட்டுப்பொருளாக நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் இந்தத் தகடுகளின் தடிமனும் ஏறத்தாழ ஒரே அளவு. முத்தின் அழகுக்கு மூலம் இந்தப் பொருத்தம்தான். மேலே விழும் ஒளியில் ஒரு பகுதி முதல் அடுக்கிலேயே திரும்புகிறது. மீதி உள்ளே போய் அடுத்தடுத்த அடுக்குகளில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் கதிர்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது, மழை நின்ற சாலையில் சிந்திய எண்ணெய்ப் படலத்தில் தோன்றுவதுபோல் மெல்லிய வண்ணங்கள் எழுகின்றன. தகடுகள் மெல்லியனவாகவும் ஒரே சீராகவும் இருந்தால் ஒளி கூர்மையாகத் திரும்பும். தாறுமாறாக அடுக்கியிருந்தால் சிதறிப்போகும். முத்து சுண்ணாம்பு உருண்டைபோல் வெளுத்துக் கிடக்கும்.

குளிர்ந்த நீரில் சிப்பி மெதுவாகச் சுரக்கிறது, அடுக்குகள் நெருங்கி அமைகின்றன. ஜப்பானின் அகோயா முத்துகளைக் குளிர்காலத்தில் அறுவடை செய்வதற்குக் காரணம் இதுதான். கடைசியாகப் படியும் அந்தச் சில அடுக்குகளில்தான் பார்வைக்குத் தெரியும் பொலிவு இருக்கிறது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முத்துச்சரத்தை வெள்ளைத் துணியில் கிடத்தி, மேலே எரியும் குழல்விளக்கு அதில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். விளக்கின் விளிம்பு வெட்டினாற்போல் தெளிவாகத் தெரிந்தால் ஒளிர்வு உயர்ந்தது. விளிம்பு கரைந்து வெறும் வெளிச்சத் திட்டாகத் தெரிந்தால் நடுத்தரம். எதுவுமே தெரியாமல் மாவு பூசியதுபோல் இருந்தால், எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் அது கீழ்த்தரம். நகைக்கடைகளின் மஞ்சள் குவிவிளக்குகள் எந்த முத்தையும் அழகாகக் காட்டிவிடும். சரத்தை ஜன்னல் ஓரம் எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேட்பதில் தயக்கம் தேவையில்லை. நல்ல சரக்கு வைத்திருப்பவர் மறுக்க மாட்டார்.

பளபளப்பு மேலே தெரிகிறது. அதற்கு அடியில் படலம் எவ்வளவு ஆழம் போகிறது என்பது அடுத்த கேள்வி, அங்கேதான் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

இன்று விற்கும் முத்துகள் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள். கடல் சிப்பியில் முத்து வளர்க்கும்போது, உள்ளே ஓர் உருண்டை மணியையும் வேறொரு சிப்பியின் மேலாடைத் திசுத் துண்டையும் சேர்த்து வைக்கிறார்கள். மணி பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் கிடைக்கும் நன்னீர் மட்டி ஓட்டிலிருந்து கடைந்தது. திசுத்துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பை ஒன்றை அமைத்துப் படலத்தைச் சுரக்கிறது. ஆகவே ஏழு மில்லிமீட்டர் அகோயா முத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அந்த மணியே இருக்கலாம். மேலே படிந்த படலம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாதது சாதாரணம். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் வளரும் தென்கடல் முத்துகளில் படலம் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு தடிமன். டஹீட்டியின் கறுப்பு முத்துகளுக்குப் படலம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருந்தால்தான் ஏற்றுமதி என்று அந்தத் தீவுகளின் அரசு நெடுங்காலம் விதி வைத்திருந்தது.

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஜுஜி என்ற ஊரைச் சுற்றி வளரும் நன்னீர் முத்துகளின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மணி வைப்பதில்லை, திசுத்துண்டு மட்டும்தான். ஒரே மட்டியில் ஒரு டஜனுக்கு மேல் முத்துகள் விளைகின்றன. அதனால் விலை குறைவு. ஆனால் அந்த முத்து ஏறக்குறைய முழுவதும் படலமே. ஹைதராபாத் சார்மினார் பக்கம் வாங்கிவரும் சரங்களில் பெரும்பாலானவை இந்தச் சீன முத்துகள்தான். ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. நிஜாம்கள் ஆதரவில் துளையிடுவதிலும் கோப்பதிலும் பேர்பெற்ற ஊர் அது. சீன முத்து என்று கேட்டதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒளிர்வு நன்றாக இருக்கும் நன்னீர் முத்துச்சரம், அவசரமாக அறுவடை செய்த மெல்லிய படல அகோயாவைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும்.

மெல்லிய படலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முத்தைப் பிரகாசமான விளக்கின் கீழ் மெல்ல உருட்டுங்கள். உள்ளே இருக்கும் மணியின் ஓட்டு வரிகள், ஒரு பக்கம் பளிச்சிட்டு மறுபக்கம் மங்கும். கண் சிமிட்டுவதுபோல் தெரியும் அந்த முத்தின் படலம், வியர்வையும் வாசனைத் திரவியமும் பட்டுப் பட்டுச் சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும். அதன்பின் அதைச் சரிசெய்ய வழியில்லை. தங்கத்தை உருக்கலாம், வைரத்தை மறுபடி பட்டை தீட்டலாம். உரிந்த முத்தை எந்தப் பொற்கொல்லராலும் மீட்க முடியாது.

அளவு விலையை ஏற்றும் விதம் வியப்பானது. இயற்கை முத்துகளுக்குப் பழைய வணிகர்கள் கையாண்ட முறையில், எடையைத் தன்னாலேயே பெருக்கி, அதை அன்றைய அடிப்படை விலையால் பெருக்குவார்கள். ஒரு கிரெயின், அதாவது 50 மில்லிகிராம் எடையுள்ள முத்துக்கு விலை ஒரு பங்கு என்றால், நான்கு கிரெயின் முத்துக்கு 16 பங்கு. அதே நான்கு கிரெயினை நான்கு சிறு முத்துகளாக வாங்கினால் நான்கு பங்குதான். பெரிய முத்து அவ்வளவு அரிது என்பதை இந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், இருபது துளையுள்ள பித்தளைத் தட்டிலிருந்து ஆயிரம் துளையுள்ள தட்டுவரை வரிசையாகச் சலித்து அளவு பிரித்தார்கள். பிறகுதான் உருவமும் ஒளியும் பார்த்து ஆணி முதல் கழிப்பு, தூள்வரை தரம் சொன்னார்கள்.

சரமாக வாங்கும்போது பொருத்தம் என்ற ஒன்று சேர்ந்துகொள்கிறது. அளவும் நிறமும் ஒளிர்வும் ஒத்த ஐம்பது முத்துகளைத் தேர்ந்தெடுக்க ஆயிரக்கணக்கான முத்துகளைக் கலைத்துப் பார்க்க வேண்டும். தனித்தனி முத்துகளின் விலையைக் கூட்டினால் வருவதைவிடச் சரத்தின் விலை அதிகமாவது அதனால்தான்.

உருவம், பரப்பு, நிறம் ஆகியவற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு புள்ளி விலையைக் குறைத்தால் வாங்குகிறவருக்கு லாபம். பார்வையில் படும் இடத்தில் விரிசல் இருந்தால் வேண்டாம். நிறம் அவரவர் தோலுக்கும் விருப்பத்துக்கும் உரியது. சாயம் ஏற்றிய நிறமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கறுப்பு நன்னீர் முத்துகள் பெரும்பாலும் சாயம் ஏற்றியவை. துளையின் விளிம்பில் நிறம் திட்டாகத் தேங்கியிருந்தால் அது சாயத்தின் அடையாளம். ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று சரத்தின் சீட்டில் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கொடுக்கவே கூடாது. அந்த எழுத்துகளுக்கு உலகப் பொதுவான வரையறை கிடையாது. ஒவ்வொரு விற்பனையாளரும் தாமே வைத்துக்கொள்ளும் அளவு அது.

போலி முத்து புதியதல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் கண்ணாடி மணிகளை மீன் செதிலிலிருந்து எடுத்த மினுமினுப்புக் குழம்பால் பூசி விற்றார்கள். இன்றும் கண்ணாடி, பிளாஸ்டிக், ஓட்டுத்தூள் மணிகள்மேல் பூச்சு ஏற்றி விற்கிறார்கள். இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மெதுவாக உரசினால், அசலில் மெல்லிய மணல்போன்ற சொரசொரப்பு தெரியும். பல்லின் முனையில் உரசிப் பார்ப்பதும் இதே சோதனைதான். போலி வழுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் துளையைப் பார்த்தால் இன்னும் தெளிவு. பூச்சு சில்லாகப் பெயர்ந்திருந்தால் போலி, மணிக்கும் படலத்துக்கும் நடுவே கோடு தெரிந்தால் மணி வைத்த வளர்ப்பு முத்து. நெருப்பில் காட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அசல் முத்தை அது கெடுத்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

சொரசொரப்பு ஒரு கேள்விக்கு மட்டும் விடை தராது. இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் பல்லில் ஒரேமாதிரிதான் உரசும். இரண்டையும் சுரப்பது ஒரே உயிர், ஒரே திசு. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. மணல் துகள் ஒன்று உள்ளே புகுந்து இயற்கை முத்தாகிறது என்று பள்ளிப் பருவத்தில் கேட்டிருப்போம். உண்மையில் ஒட்டுண்ணியோ காயமோ மேலாடைத் திசுவின் செல்களை இடம்பெயர வைக்கும்போதுதான் பெரும்பாலும் முத்து தொடங்குகிறது. அதன் உட்புற வளையங்களையும் மணியின் எல்லையையும் பிரித்துக் காட்ட எக்ஸ்ரே வேண்டும். ஐயமான நேரங்களில் சிடி ஸ்கேன்கூட எடுக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தின்மேல் எத்தனை பணம் நிற்கிறது என்பதற்கு நியூயார்க்கில் ஒரு கட்டடம் சாட்சி. 1917இல் மார்ட்டன் பிளான்ட் என்ற செல்வந்தர், ஐந்தாம் அவென்யூவில் இருந்த தம் மாளிகையைக் கார்ட்டியே நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, மனைவிக்காக இரட்டை வட இயற்கை முத்துமாலையைப் பெற்றுக்கொண்டார். மாலையின் மதிப்பு அன்று 10 லட்சம் டாலர். அதே ஆண்டுகளில் ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சியும் அவர் காலத்து ஆய்வாளர்களும் உருண்டையான வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தார்கள். 1920களில் அது ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்தது. 1930களின் பொருளாதார மந்தமும் சேர்ந்து இயற்கை முத்தின் விலை சரிந்தது. 1957இல் அந்த மாலை ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது 1,51,000 டாலர். மாளிகை இன்றும் கார்ட்டியேயிடம் இருக்கிறது.

ஆனால் விலை அங்கேயே நின்றுவிடவில்லை. பரோடா அரச குடும்பத்தின் ஏழு வட மாலையிலிருந்து எடுத்துக் கோத்த இரண்டு வடம் 2007இல் 70 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. நடிகை எலிசபெத் டெய்லருக்காக ரிச்சர்ட் பர்ட்டன் 1969இல் 37,000 டாலருக்கு வாங்கிய 'லா பெரெக்ரினா' முத்து, அது பதித்த மாலையோடு 2011இல் ஒரு கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது. கடலில் முத்துக்குளித்தல் ஏறக்குறைய நின்றுபோனதால், பழைய இயற்கை முத்துகள் இனிப் பெருகப் போவதில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. தூத்துக்குடிக் கடலில் பார் எனப்படும் முத்துச்சிப்பித் திட்டுகளில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961இல். அதே தூத்துக்குடியில்தான் 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். ஆகவே பாட்டி காலத்துச் சங்கிலியிலோ கம்மலிலோ இருக்கும் கோணல்மாணலான சிறு முத்துகள், மன்னார் வளைகுடாவின் இயற்கை முத்துகளாக இருக்க வாய்ப்பிருக்கிறது. பல பத்தாண்டுகள் கழுத்தில் உரசி இரு பக்கமும் தேய்ந்து, மிடாப்போல் ஆகிவிட்ட முத்துகளைக் கண்டால் கூடுதல் கவனம் தேவை. மெல்லிய படலத்தை மணியின்மேல் போர்த்திய முத்து அத்தனை தேய்மானம் தாங்கியிருக்காது. உள்ளே இருக்கும் மணி எப்போதோ வெளியே வந்திருக்கும். அத்தகைய நகையைப் புதிதுக்கு மாற்றும்போது, தங்கத்தை மட்டும் எடைபோட்டு முத்தைக் கழிவாகத் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. மனம் வலிக்கும் இழப்பு அது. மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் உள்ள ரத்தினப் பரிசோதனை ஆய்வகங்கள் முத்தை உடைக்காமலே எக்ஸ்ரே எடுத்துச் சான்று தருகின்றன. கொடுப்பதற்கு முன் அந்தச் செலவைச் செய்துவிடலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் ரசீதில் கவனம் வைக்க வேண்டும். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான், முத்துக்கு அது எந்த உறுதியும் தராது. தங்கத்தின் நிகர எடை தனியாகவும், முத்தின் எடை தனியாகவும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் முத்துக்கும் தங்க விலை கொடுத்தவர் ஆவீர்கள். இயற்கையா வளர்ப்பா, கடலா நன்னீரா, சாயம் ஏற்றியதா இல்லையா என்ற மூன்றையும் கையொப்பத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். சரமாக இருந்தால் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நூல் அறுந்தால் ஒரு முத்துதான் விழும். முத்தோடு முத்து உரசித் தோல் தேய்வதும் தடைபடும்.